'இயக்கு' என்னும் ஏவற்சொல்லும் நம் மாணாக்கரும்

ஏவற்சொல் எப்பொழுதும் சிறியது. 'திற', 'மூடு', 'இயக்கு', 'நிறுத்து' என ஓரிரண்டு அசைகளில் அது முடிந்துவிடும். அதைச் சொல்லுதற்கு ஒரு நொடியும் வேண்டா. அதன் விளைவைத் திருத்துதற்கோ சில வேளைகளில் ஒரு வாரமும் போதாது. வயலில் நின்று ஏவுகின்றவன் தன் ஏவலின் பயனைக் கண்ணெதிரே காண்கின்றான். மடையைத் திற என்றால், நீர் எந்த வாய்க்காலில் ஓடுகின்றது என்பதை அவன் வரப்பில் நின்றே பார்க்கலாம். கணிப்பொறிக்கு ஏவுகின்றவனுக்கோ அவ்வசதி இல்லை. அவன் இட்ட சொல் எந்த மடையைத் திறந்தது, எந்த மடையை அடைத்தது என்பது அவன் கண்ணுக்கு மறைவாகவே நிகழ்கின்றது. ஆதலின், ஏவுமுன் அறிதல் என்னும் கடமை அவனுக்கு மற்றையோரினும் மிகுதியாக உண்டென்பது நம் கருத்து. அக்கருத்தை ஒரே ஓர் ஏவற்சொல்லைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கணிப்பொறித் துறையைச் சாராத அன்பர்களும், கல்லூரியை விட்டுச் சென்ற பழைய மாணாக்கரும் இம்மலரைப் படிப்பராதலின், முதற்கண் இரண்டொரு சொற்களை விளக்குதல் தகும். ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு முகவரியைத் தட்டியவுடன், அவ்வேண்டுகோள் தொலைவிலுள்ள வேறொரு கணிப்பொறியைச் சென்றடைகின்றது. அதனைச் சர்வர் என்கின்றோம். வேண்டுகோளைப் பெறுதல், அது எப்பகுதிக்கு உரியது எனத் தெரிதல், அப்பகுதியை அழைத்தல், விடையைத் தக்க வடிவில் ஆக்குதல், திருப்பி அனுப்புதல் ஆகிய வேலைகள் நூலகத்துக்கு எழுதும் நிரலுக்கும் வங்கிக்கு எழுதும் நிரலுக்கும் பொது. இப்பொது வேலைகளை முன்னரே செய்து வைத்து, நூலகத்துக்கு மட்டும் உரியதை நூலகத்தார் எழுதிக்கொள்ள இடம் விட்டு நிற்கும் கட்டுக்கோப்பே வலைச் சட்டகம். மாணாக்கர் வழக்கில் அது பிரேம்வொர்க். எந்த வேண்டுகோள் எந்த வாயிலுக்குச் செல்வது, படங்கள் எந்த அறையில் உள்ளன, தேதியை எவ்வடிவில் எழுதுவது என்றெல்லாம் அச்சட்டகத்துக்குச் சொல்லி வைப்பது அமைவு எனப்படும்.

ஜாவா மொழியில் எழுதுவோரிடையே பெருவழக்காயுள்ள சட்டகம் ஸ்பிரிங் என்பது. ராட் ஜான்சன் என்பார் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றோடு சேர்ந்து வந்த நிரல்களே அதற்கு வித்து. அதன் முதற்பதிப்பு 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்தது. அந்நாளில் நிறுவனங்களுக்கான ஜாவா நிரல் எழுதுவது பெருஞ்சுமையாய் இருந்தது. அச்சுமை பனிக்காலம் போன்றதென்றும், அதன்பின் வரும் இளவேனில் இதுவென்றும் கருதியே 'ஸ்பிரிங்' என்று பெயரிட்டனர். ஆயினும் இளவேனிலிலும் வெயில் உண்டன்றோ? ஸ்பிரிங்குக்கு வேண்டிய அமைவுகளையெல்லாம் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில், பக்கம் பக்கமாக எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஓர் அடைப்புக்குறி பிறழ்ந்தால் முழுப் பயன்பாடும் எழாது. அக்காலத்து நிரலாளர் பலர் தம் தொழிலை நிரலெழுதுதல் என்பதைவிட அமைவெழுதுதல் என்றே சொல்லியிருக்கலாம்.

இச்சுமையைக் குறைக்கும் முயற்சி படிப்படியாக நடந்தது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில், வலைப்பகுதிக்கு வேண்டிய பல அமைவுகளை எக்ஸ்.எம்.எல். கோப்பில் ஒரே வரியால் பெறும் வழி கிட்டியது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 3.1 பதிப்பிலோ, எக்ஸ்.எம்.எல். கோப்பே இன்றி, ஜாவா நிரலின் தலைப்பில் ஒரு குறிப்புச்சொல்லை எழுதினாலே போதும் என்னும் நிலை வந்தது. அக்குறிப்புச்சொல்தான் 'எனேபிள் வெப் எம்.வி.சி.' என்பது. வலைப்பகுதியை இயக்கு என்பது அதன் பொருள். அது ஒன்றை எழுதியவுடன், வேண்டுகோளை உரிய பகுதியோடு பொருத்தும் பொறி, அப்பகுதியை அழைக்கும் பொறி, விடையை ஜேசன் முதலிய வடிவங்களாக மாற்றும் பொறி ஆகியவை வரிசையாக வந்து தத்தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும். நூறு வரிகள் செய்ததை ஒரு வரி செய்தது. அதனை வியந்து போற்றியவர்களை நாம் குறை கூறோம். அந்நாளில் அது மெய்யாகவே நன்மையான சொல்.

நிற்க. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்பிரிங் பூட் என்னும் புதியதொரு கருவி தன் முதற்பதிப்போடு வெளிவந்தது. முன்னையோர் சொல்லி வைத்தவற்றை மட்டும் செய்துகொண்டிருந்த ஸ்பிரிங், இக்கருவியின் துணையால், சொல்லாதவற்றையும் குறிப்பறிந்து செய்யத் தொடங்கியது. பயன்பாட்டில் எந்தெந்த நூலகத் தொகுதிகள் சேர்க்கப்பட்டுள்ளன என்று அது பார்க்கும். வலைத்தொகுதி இருப்பின், இவர் வலைப்பயன்பாடு எழுதுகின்றார் எனத் தானே உணர்ந்து, அதற்கு வேண்டியவற்றையெல்லாம் அமைத்துவிடும். டாம்கேட் என்னும் சர்வரையும் உள்ளேயே வைத்து இயக்கும். படங்களும் அலங்காரக் கோப்புகளும் 'ஸ்டாடிக்', 'பப்ளிக்' முதலிய கோப்புறைகளில் இருந்தால் கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும். தேதியை மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதித் தரும். இதனைத் தன்னமைவு என்று தமிழில் சொல்லலாம்.

இத்தன்னமைவுக்கு ஒரு நற்பண்பு உண்டு. அது பிடிவாதமற்றது. நிரலாளர் ஒரு பொருளைத் தாமே அமைத்துக்கொண்டார் எனக் கண்டால், அவ்விடத்தில் தன் அமைவைத் திணியாமல் ஒதுங்கிக்கொள்ளும். வலைப்பகுதியைப் பொறுத்தவரை அது பார்க்கும் அடையாளம் ஒன்றே. 'வெப் எம்.வி.சி. கான்ஃபிகரேஷன் சப்போர்ட்' என்னும் வகையைச் சேர்ந்த பொருள் யாதேனும் பயன்பாட்டில் உளதா என்று அது நோக்கும். இல்லையாயின் தன் வேலையைச் செய்யும். உளதாயின் ஒன்றும் செய்யாது. இனி, நாம் மேலே கூறிய 'எனேபிள் வெப் எம்.வி.சி.' என்னும் குறிப்புச்சொல் செய்வது யாதெனின், அதே வகையைச் சேர்ந்த ஒரு பொருளைக் கொண்டுவந்து வைப்பதேயாம். ஆகவே ஸ்பிரிங் பூட் குடியிருக்கும் இல்லத்தில் ஒருவர் 'இயக்கு' என்று சொன்னால், அதுகாறும் இயங்கிக்கொண்டிருந்த தன்னமைவு வாய்பேசாமல் வெளியேறிவிடுகின்றது.

நம் விடுதியைக் கொண்டே இதனை விளக்கலாம். விடுதிச் சமையற்கூடத்தில் பல்லாண்டு பழகிய சமையற்காரர் ஒருவர் இருக்கின்றார் எனக் கொள்வோம். விடியுமுன் உலை வைப்பது, குடிநீர் காய்ச்சுவது, நோயுற்றோருக்குக் கஞ்சி வைப்பது எல்லாம் அவர் யாரும் சொல்லாமலே செய்பவை. ஒரு மாணாக்கர் தமக்கு ஒரு துவையல் மட்டும் கூடுதலாக வேண்டுமென்று கருதிச் சமையற்கூடப் பதிவேட்டைத் திறந்து, 'இன்று முதல் சமையற்கூடத்தை நான் நடத்துகின்றேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டுவிடுகின்றார். அவர் எண்ணியது துவையல், எழுதியதோ பொறுப்பேற்பு. சமையற்காரர் அதனைப் படித்துச் சினவாமல், வினவாமல், மரியாதையாக மேல்துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு வீடு சென்றுவிடுகின்றார். மறுநாட் காலையில் துவையல் இருக்கின்றது; சோறு இல்லை. அப்பொழுதும் அம்மாணாக்கர், துவையலை அரைத்ததனால் சோறு எவ்வாறு மறையும் என்றே கேட்பார்.

இது கற்பனை, ஆனால் இதனையொத்த நிகழ்ச்சி நம் துறையிலேயே நடந்தது. அதில் நாம் செய்த பிழையையும் மறையாமல் சொல்லுதல் கடன் என்று கருதியே இதனை எழுதலானோம். சில பருவங்களுக்கு முன்னர் நம் மாணாக்கர் சிலர் சேர்ந்து, துறை நூலகத்தில் நூல் எடுப்போர், திருப்பித் தருவோர் விவரங்களைக் காக்கும் சிறு பயன்பாடு ஒன்றை ஸ்பிரிங் பூட் கொண்டு எழுதினர். அது நன்றாகவே நடந்துவந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அதனைத் திறந்தபோது, பக்கங்களில் எழுத்து மட்டும் இருந்தது. நிறமும் ஒழுங்கும் படங்களும் இல்லை. கைப்பேசிப் பக்கத்திலோ, நூலைத் திருப்பித் தரவேண்டிய தேதிக்குரிய கட்டங்கள் எல்லாம் வெறுமையாய்க் கிடந்தன. அன்று தேர்வுக்கு முந்தைய வாரம். நூல் வேண்டி வந்த மாணாக்கர் வரிசையாக நின்றனர்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில், இரண்டாம் ஆண்டு மாணாக்கர் ஒருவர் அப்பயன்பாட்டின் அலங்காரக் கோப்பில் சில திருத்தங்கள் செய்திருந்தார். பக்கத்தின் அலங்காரம் போயிற்று. அலங்காரத்தைத் தொட்டவர் அவர். வேறென்ன ஆராய்ச்சி வேண்டும்? வகுப்பில் பலர் முன்னிலையில் நாம் அவரைக் கடிந்துகொண்டோம். அவர் எதிர்மொழி ஒன்றும் கூறவில்லை. தம் திருத்தங்கள் அனைத்தையும் நீக்கிப் பழைய கோப்பையே மீண்டும் வைத்தார். அப்போதும் பக்கம் சீர்ப்படவில்லை. அதையும் அவர் கைத்திறக் குறையென்றே நாம் எண்ணினோம். தேதிக்கும் அலங்காரத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒருகணம் நின்று எண்ணியிருந்தால், நம் தீர்ப்பு தவறென்பது நமக்கே விளங்கியிருக்கும். நாம் எண்ணவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. முதுகலை மாணாக்கர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அதே பயன்பாட்டில் ஒரு சிறு வசதியைச் சேர்த்திருந்தார். ஓர் முகவரியிலிருந்து வந்த பக்கம், வேறு முகவரியிலுள்ள சர்வரின் விடையைப் படிக்க வேண்டுமாயின், அச்சர்வரின் இசைவு வேண்டும் என்பது உலாவிகள் காக்கும் விதி. புதிதாக எழுதிய கைப்பேசிப் பக்கத்துக்கு அவ்விசைவைத் தரவே அவர் விரும்பினார். அதற்குரிய மாதிரி நிரல் ஒன்றை எங்கோ கண்டு எடுத்து ஒட்டினார். அம்மாதிரியின் தலைப்பில் 'எனேபிள் வெப் எம்.வி.சி.' என்னும் குறிப்புச்சொல் இருந்தது. அது ஸ்பிரிங் பூட் இல்லாத பயன்பாட்டுக்கென எழுதிய மாதிரி என்பதை அவர் அறியார். இயக்கு என்றுதானே இருக்கின்றது, இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டார். தம் உலாவியில் திறந்து பார்த்தார். பக்கம் அழகாகவே இருந்தது. அவருடைய உலாவி முன்னர்ப் பெற்ற அலங்காரக் கோப்பைத் தன்னிடமே சேமித்து வைத்திருந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. அவர் பேரில் தீய எண்ணம் சிறிதும் இல்லை.

அவ்வொரு சொல்லால் நேர்ந்தவற்றை வரிசைப்படுத்திச் சொல்வோம். தன்னமைவு ஒதுங்கியதும், படங்களையும் அலங்காரக் கோப்புகளையும் எடுத்துக் கொடுக்கும் வேலையாள் இலனாயினான். கோப்புகள் தம் அறையில் பழுதின்றி இருந்தன. எடுத்துத் தருவார் இல்லை. அடுத்து, தேதியை எழுதும் முறை மாறியது. அப்பயன்பாடு கொண்டிருந்த ஜாக்சன் என்னும் மாற்றுப்பொறியின் 2ஆம் வரிசை, தன் இயல்பில் தேதியை எண்களாகவே எழுதும். அதனை எழுத்து வடிவில் எழுதுமாறு செய்து வைத்தது ஸ்பிரிங் பூட். அவ்வமைவு நீங்கியதும், 2023-03-06 என்று வந்துகொண்டிருந்த தேதி, 2023, 3, 6 என மூன்று தனி எண்களாகப் பிரிந்து வந்தது. சிறுகோடு கண்டு பிரித்துப் படிக்கப் பழகியிருந்த கைப்பேசிப் பக்கம் திகைத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டது. அன்றியும், அமைவுக் கோப்பில் மாணாக்கர் வலைப்பகுதி குறித்து எழுதி வைத்திருந்த வரிகள் சில, பிழையென்று ஒதுக்கப்படாமலே, படிப்பாரற்றுக் கிடந்தன.

இவற்றுள் எதுவும் பயன்பாட்டை நிறுத்தவில்லை என்பதை வாசகர்கள் கருத வேண்டும். நிரல் நின்றுவிட்டால் நிறுத்திய வரியைத் தேடுவோம். இங்கோ நிரல் ஓடிற்று, எழுத்து வந்தது, விடை வந்தது. வந்த விடையில் குறைவு இருந்ததே அன்றி, குற்றக்குரல் எழவில்லை. இருப்பது ஒன்று கெட்டால் அது கண்ணில் படும். இருந்த ஒன்று சொல்லாமல் அகன்றால் கண்ணில் படுவது எங்ஙனம்? இத்தகைய இன்மைப் பிழைகளே பழியை உரியவர் மேல் விடாமல், அருகில் நிற்பவர் மேல் சுமத்துகின்றன. ஆதலின் இது தொழில்நுட்பத் தவறு மட்டும் அன்று. நீதியைப் பற்றிய செய்தியும் ஆகும்.

இதனைக் கண்டறிந்தவர் யாரெனின், நம்மால் கடிந்துரைக்கப்பட்ட அவ்விளைய மாணாக்கரே. செவ்வாய்க்கிழமை மாலையில் அவர் பயன்பாட்டை 'டீபக்' என்னும் விருப்பத்தோடு தொடங்கினார். அவ்வாறு தொடங்கினால், எந்தெந்தத் தன்னமைவு ஏற்கப்பட்டது, எது ஒதுங்கியது, ஏன் ஒதுங்கியது என்னும் அறிக்கை ஒன்றை ஸ்பிரிங் பூட் தானே எழுதிக் காட்டும். நீண்ட அவ்வறிக்கையை அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். வலைப்பகுதியின் தன்னமைவு ஒதுங்கியோர் பட்டியலில் இருந்தது. காரணமும் அருகிலேயே இருந்தது. பின்னர் மாற்றங்களின் பதிவேட்டைப் புரட்டி, அக்குறிப்புச்சொல் எந்நாளில் புகுந்தது என்பதையும் கண்டார். அவ்வொரு வரியை நீக்கியதும், இசைவு தரும் வசதியும் இருந்தது, பழைய அழகும் தேதியும் திரும்பின. மறுநாள் அதே வகுப்பில், அதே மாணாக்கர் முன்னிலையில், நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். கடிதல் பலர் முன் நடந்தால் திருத்தமும் பலர் முன் நடத்தல் வேண்டும்.

இனி, இதனை ஒட்டி எழும் தடைகள் சிலவற்றுக்கு விடை கூறுதல் வேண்டும். முதலாவது, குற்றம் சட்டகத்தினுடையதே என்பர் சிலர். இயக்கு என்று பெயரிட்டு, இயங்குவதை நீக்கும் சொல்லை ஆக்கியவர் யார் என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அச்சொல் பிறந்த 2011ஆம் ஆண்டில் ஸ்பிரிங் பூட் இல்லை. நீக்குதற்கு ஒன்றும் இல்லாத இல்லத்தில் அது இயக்கியே வந்தது. சொல் மாறவில்லை, அது சொல்லப்படும் இல்லம் மாறிற்று. ஸ்பிரிங் பூட்டின் கையேடும், முழுப் பொறுப்பையும் தாமே ஏற்க விரும்புவோர் இச்சொல்லை எழுதுக, கூடுதலாகச் சில வேண்டுவோர் இச்சொல் இன்றி எழுதுக என்னும் பொருளில் தெளிவாகவே கூறுகின்றது. பெயர் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்வோம். கையேட்டைப் படியாமைக்கு அது விடையாகாது.

இரண்டாவது, உள்ளே நடப்பதையெல்லாம் அறிய வேண்டுமாயின் சட்டகம் எதற்கு என்பர். இதுவும் எண்ணத்தக்கதே. நாமும் எல்லாவற்றையும் அறிந்த பின்னரே எழுதுக என்று சொல்லோம். அது இயலாத காரியம். தன்னமைவை அப்படியே ஏற்றுக்கொள்பவர் அதன் உட்பொருளை அறியாதிருப்பினும் பெருந்தீங்கு இல்லை. பலர் சோதித்த வழியில் அவர் நடக்கின்றார். ஆனால் அவ்வழியை விட்டு விலகி, 'இது என் பொறுப்பு' என்று கையொப்பமிடுகின்றவர், தாம் எதனை ஏற்கின்றோம் என்பதை அறிந்தே ஆகவேண்டும். நம்பி நடப்பவருக்கு ஒரு முறை. பொறுப்பேற்பவருக்கு ஒரு முறை. இரண்டையும் ஒன்றாக்குதல் கூடாது.

மூன்றாவது, இந்நாளில் கேட்டவுடன் நிரலை எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. இனி இவ்வாராய்ச்சி வேண்டுமோ என்பர். முன்னினும் மிகுதியாக வேண்டும் என்பதே நம் விடை. அக்கருவிகள் உலகில் முன்பு எழுதப்பட்டவற்றைக் கற்றே எழுதுகின்றன. 2011 முதல் 2014 வரை எழுதப்பட்ட மாதிரிகளும், அதன் பின் எழுதப்பட்டவையும் அவற்றினுள் கலந்தே கிடக்கின்றன. பழைய இல்லத்துச் சொல்லைப் புதிய இல்லத்தில் அவை இட்டுத் தருதல் கூடும். தருவது பொறியாயினும், அதனைப் பயன்பாட்டில் சேர்த்துக் கையொப்பமிடுபவர் மாணாக்கரே. ஆழமறியாமல் காலை இடாதே என்பது பழமொழி. படகைப் பிறர் செய்து தந்தாலும் ஆற்றின் ஆழம் குறைவதில்லை.

அப்படியாயின் அச்சொல்லை ஒருவரும் எழுதலாகாதோ எனின், அவ்வாறு கூறுதல் மறுபக்கப் பிழை. ஸ்பிரிங் பூட் இன்றி ஸ்பிரிங்கை மட்டும் கொண்டு எழுதுவோர்க்கு அது வேண்டிய சொல்லே. ஸ்பிரிங் பூட்டோடு எழுதுவோரிலும், விடையை மாற்றும் பொறிகள், கோப்பு வழங்கும் முறை முதலியவற்றையெல்லாம் தாமே ஒவ்வொன்றாகத் தெரிந்து அமைக்க வேண்டிய பெரும்பணியில் உள்ளோர் அதனை எழுதலாம். பொறுப்பேற்றல் குற்றமன்று, அறியாமல் ஏற்றலே குற்றம். கூடுதலாக ஒன்றிரண்டு வேண்டுவோர்க்கோ, 'வெப் எம்.வி.சி. கான்ஃபிகரர்' என்னும் இடைமுகத்தை மட்டும் கொண்டு வேண்டியதைச் சேர்ப்பதே தகும் வழி. அது சமையற்காரரிடம் சென்று, ஒரு துவையலும் சேர்த்து வையுங்கள் ஐயா என்று சொல்வதை ஒக்கும்.

பழைய நோய்க்குறியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்றும் மாணாக்கர் எண்ணுதல் கூடாது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஸ்பிரிங் பூட் 4ஆம் பதிப்பு, ஜாக்சனின் 3ஆம் வரிசையைத் தனக்கு இயல்பாகக் கொண்டது. அவ்வரிசை தேதியை எழுத்து வடிவிலேயே இயல்பாக எழுதுகின்றது. எனவே மேற்கூறிய பிழை இனித் தேதியின் வழியாகத் தன்னைக் காட்டாமல் இருக்கலாம். வேறு வழியாகக் காட்டும். குறி மாறும், காரணம் மாறாது. காரணத்தைக் கற்றவர் எப்பதிப்பிலும் பிழைப்பர்.

இஃது ஒரு சொல்லோடு முடிவதும் அன்று. ஸ்பிரிங் பூட்டில் பயன்பாட்டின் உடல்நிலையை அறிந்து சொல்லும் ஆக்சுவேட்டர் என்னும் பகுதி ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டில் வந்த 2.0 பதிப்பு முதல், அதன் வாயில்களுள் மிகச் சிலவே வலைக்குத் திறந்திருக்கும். அமைவுக் கோப்பில் ஒரே ஒரு விண்மீன் குறியை இட்டால் எல்லா வாயில்களும் திறக்கும். நினைவகத்தின் முழுப்படியையும் எடுத்துத் தரும் வாயில் அவற்றுள் ஒன்று. கடவுச்சொற்களும் அப்படியினுள் அகப்படக்கூடும். 2025ஆம் ஆண்டில் வந்த 3.5 பதிப்பு அவ்வொரு வாயிலுக்கு மட்டும் தனி இசைவு வேண்டும் என விதித்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அத்தடை இல்லை. நூலகப் பக்கத்தின் நிறம் போயிற்று என்றால் நகைத்துவிட்டுத் திருத்தலாம். நோயாளர் விவரமோ மக்கள் சேமிப்போ வெளியேறினால் எவரிடம் சென்று திருத்துவது? நம் மாணாக்கர் பலர் நாளை அத்தகைய இடங்களில் அமர்வர் என்பதனாலேயே இதனை இத்துணை அழுத்திச் சொல்கின்றோம்.

ஆகவே நம் துறையில் இனி மூன்று பழக்கங்களை மேற்கொள்ளுதல் நலம் என்று முன்மொழிகின்றோம். முதலாவது, 'எனேபிள்' எனத் தொடங்கும் எக்குறிப்புச்சொல்லை எழுதினும், அது எதனைக் கொண்டுவருகின்றது, எதனை ஒதுக்குகின்றது என்பதைக் கையேட்டில் பார்த்து, அருகிலேயே ஒரு வரியில் எழுதி வைத்தல். இரண்டாவது, அமைவை மாற்றியபின் தன்னமைவு அறிக்கையை ஒருமுறையேனும் படித்தல். சேமிப்பில்லாத புதிய உலாவிச் சாளரத்தில் பயன்பாட்டைத் திறந்து பார்த்தல். மூன்றாவது, பிழை நேர்ந்தால் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேளாமல், கடைசியாக மாறியது யாது என்று கேட்டல். இம்மூன்றனுள் முதலிரண்டும் மாணாக்கர்க்கு. மூன்றாவது முதற்கண் ஆசிரியராகிய நமக்கே.

கல்லூரி என்பது ஏவற்சொற்களை மனப்பாடம் செய்விக்கும் இடம் அன்று. அவை ஒவ்வொரு பதிப்பிலும் மாறும். இன்று நாம் கற்பிக்கும் குறிப்புச்சொற்களில் பாதி, இம்மாணாக்கர் நடுவயது எய்துமுன் வழக்கொழியலாம். ஒழியாதது ஒன்று உண்டு: ஒரு சொல்லுக்குக் கையொப்பமிடுமுன், அதனால் யார் வருவர், யார் போவர் என்று நின்று கேட்கும் மனம். அம்மனத்தை இங்கே பெற்றுச் செல்லும் மாணாக்கர் எச்சட்டகத்தையும் ஆள்வர். நம் துறை நூலகத்தின் பயன்பாடு இன்றும் நடைபெறுகின்றது. அதன் அமைவுக் கோப்பின் தலைப்பில், முன்பு அக்குறிப்புச்சொல் இருந்த இடத்தில், அவ்விளைய மாணாக்கர் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கின்றது. இங்கே எதுவும் சேர்க்குமுன் காரணத்தை எழுதுக என்பதே அது. அதனை நாம் நீக்கவில்லை. இனி வருவோரும் நீக்காதிருப்பாராக.